ஒருசந்தி இருந்த வாத்து

சின்ன வயதில் மாதா கோவிலில் என்னோடு புதுநன்மை வாங்கினவர்களில் இன்னும் கண் தெரிகிறவர்கள் இதை வாசியுங்கள். தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வாசித்துக் காட்டுங்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அது உங்களுக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது குறுக்கே பேச ஆள் கிடையாது.

என் மகன் ஆட்டோ ஓட்டுகிறான். மார்கழி பிறந்துவிட்டால், காரைக்குடி லாட்ஜில் வந்து தங்கும் காமிராக்காரர்களை ஏற்றிக்கொண்டு கண்மாய் கண்மாயாகச் சுற்றுவான். வேட்டங்குடிப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது எங்கள் கண்மாய்க்கும் கூட்டிவருவான். குளிருக்கு மட்டும் வந்து போகிற பறவைகளைப் பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள். ஊசிவால் வாத்து வருஷா வருஷம் வரும். வரித்தலை வாத்து அப்படியில்லை. ஒரு வருஷம் வரும், அப்புறம் பல வருஷம் கண்ணில் படாது. அதற்குத்தான் அவர்கள் ஏங்குகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் மடைப் பக்கம், ஆழமான தண்ணீரில் தேடுவார்கள். அது நிற்கிற இடம் எதிர்ப்பக்கம். தண்ணீர் பின்வாங்கிச் சேற்றில் அருகம்புல் தளிர்த்திருக்கும் உள்வாயில், வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். ஆட்டு மந்தை மாதிரித் தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருக்கும்.

இவ்வளவும் சரி. எரிச்சல் இனிமேல்தான்.

அந்த இடத்தில் ஆட்டோவை நிறுத்தியதும் என் மகன் ஒரு கதை சொல்வான். "இதே சாதி வாத்து ஒண்ணு, எங்கம்மா சின்னப் புள்ளையா இருக்கையில இங்க வந்துச்சு சார். எங்க ஊரு மேல ஆசைப்பட்டு, கூட்டத்தோட போகாம இங்குட்டே தங்கிருச்சு." கேட்கிறவர்களுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும். இப்போது அதைக் கண்மாய்க் கரையில் ஒரு தட்டியில் படம் போட்டு எழுதியும் வைத்துவிட்டார்கள். வீட்டில் அவனிடம், "அப்படி இல்லப்பா" என்று ஆரம்பித்தேன். "யம்மா, கேக்குறவுக சந்தோசமாக் கேக்குறாக. உனக்கு என்ன வந்துச்சு?" என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு என்ன வந்தது என்று இங்கே எழுதுகிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு மூன்றாவது வகுப்போ நாலாவதோ. விடியக்காலையில் அம்மா மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும்போது நானும் போவேன். பனி காலில் ஊசி மாதிரிக் குத்தும். சேலைத் தலைப்பால் என் தலையைச் சுற்றிக் காதை மூடி விடுவாள். கண்மாய் உள்வாயில் மூடுபனிக்குள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம் அசைந்தது. யாரோ ஆடு பத்தி வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். கிட்டப் போனதும் கழுத்துகள் நிமிர்ந்தன. வெள்ளைத் தலை. பின்னந்தலையில் கரிக்கட்டையால் இழுத்த மாதிரி இரண்டு கறுப்புப் பட்டை. அலகும் காலும் மஞ்சள். "ஆங், ஆங்" என்று மூக்கால் ஒரு சத்தம். திரும்பவும் தலையைக் குனிந்து புல்லைப் பிடுங்கின. மாடு பிடுங்குகிற மாதிரியே 'சரக் சரக்' என்று கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"பாரேன், நம்ம புல்லுக்குப் பங்குக்கு ஆள் வந்துருச்சு" என்றாள் அம்மா.

பெரியப்பாவின் வலையில் ஒன்று மாட்டியது அதற்கு அடுத்து. கெளுத்திக்கும் அயிரைக்கும் போட்ட வலை. அதில் கால் சிக்கி, சிறகடித்து ஓய்ந்து கிடந்ததைத் துண்டால் தலையை மூடித் தூக்கிக்கொண்டு வந்தார். ஊரே கூடிவிட்டது. குழம்பு வைக்கத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் பெரியப்பாவுக்கு அந்த நேரத்தில் மனசெல்லாம் குடிலில் இருந்தது.

கோவிலில் கிறிஸ்மஸ் குடில் கட்டுவது வருஷா வருஷம் அவர் பொறுப்பு. மூங்கில் நட்டு, வைக்கோல் வேய்ந்து, செம்மண் பூசி, தட்டுகளில் கேழ்வரகை முளைக்கப்போட்டுப் புல்தரையாக அடுக்குவார். போன வருஷம் பக்கத்து ஊர்க்காரர்கள் குடிலில் தண்ணீர் ஊற்று விட்டிருந்தார்கள். பூசைக்கு வந்த சாமியார் அதைப் பற்றியே பேசிவிட்டுப் போனார். பெரியப்பா அந்த ஒரு வருஷத்தில் இளைத்தே போனார் என்று பெரியம்மா சொல்வாள்.

உபதேசியார் வந்து வாத்தைச் சுற்றிப் பார்த்தார். நமக்கெல்லாம் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர்தான். வலது காதில் எப்போதும் ஒரு வேப்பங்குச்சி செருகியிருப்பாரே, அவர்.

"இதை இந்தச் சீமையில யாராச்சும் பாத்திருக்கீகளா?" என்று கேட்டார். ஒருவரும் பார்த்ததில்லை. "ஆகமன காலத்துல, பாலன் பிறக்கப்போற நேரத்துல வந்திருக்கு. அன்னைக்கு ராசாக்க வந்தாக, இன்னைக்கு இது வந்திருக்கு. பாலனைப் பாக்க வந்ததை அடிச்சுத் திங்கலாமா?"

அவ்வளவுதான். வாத்து குடிலுக்குள் போய்விட்டது. வைக்கோலில், மாதா சுரூபத்துக்கும் ஒரு கை உடைந்த சூசையப்பர் சுரூபத்துக்கும் நடுவில், காலில் கயிறு.

தண்ணீரில் வாழ்கிறது, மீன் வலையில் மாட்டியது, ஆகவே மீன் தின்னும் என்பது பெரியப்பாவின் கணக்கு. நல்ல துள்ளுகிற அயிரையாகப் பார்த்து ஒரு சட்டியில் கொண்டுவந்து வைத்தார். வாத்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் கெளுத்தி. அதையும் தொடவில்லை. ஆனால் அதன் கயிறு எட்டுகிற தூரத்தில் இருந்த கேழ்வரகுத் தட்டு மட்டும் மொட்டையாகக் கிடந்தது.

"எவன் வீட்டு ஆட்டுக்குட்டிடா இது?" என்று பெரியப்பா தெருவில் நின்று கத்தினார். பிறகு தட்டுகளையெல்லாம் தள்ளி, வாத்துக்கு எட்டாமல் வைத்தார். வாத்துக்கு எட்டக் கூடாது என்று வைக்கவில்லை. ஆட்டுக்குட்டிக்கு எட்டக் கூடாது என்றுதான் வைத்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். "பெரியப்பா, அது புல்லுத் திங்கும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டிருக்காது. திரும்பவும் சொன்னேன். "தள்ளி நில்லுத்தா, சுரூபத்துல இடிச்சிராத" என்றார்.

மீன் நாறத் தொடங்கியது. அந்தக் காலத்தில் கிறிஸ்மஸுக்கு முந்தி பெரியவர்கள் ஒருசந்தி இருப்பார்களே, ஒருவேளை மட்டும் சாப்பிட்டு, கவிச்சி தொடாமல். சாயந்திரச் செபத்துக்கு வந்த உபதேசியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு சட்டியைப் பார்த்தார். வாத்தைப் பார்த்தார். திரும்பச் சட்டியைப் பார்த்தார்.

"கவிச்சி தொடலையா?"

"வாயில வைக்க மாட்டேங்குது."

"எப்பருந்து?"

"பிடிச்சதுலருந்தே."

உபதேசியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "ஒருசந்தி இருக்குய்யா" என்றார் மெதுவாக.

அந்தச் சொல் ஊரெங்கும் போனது. நீங்களும்தான் வந்து பார்த்தீர்கள். உங்கள் அம்மாமார் உங்களை இழுத்துக்கொண்டு வந்து, "பாரு, வாயில்லாச் சீவன் ஒருசந்தி இருக்கு, நீ நெத்திலிக் கருவாட்டுக்கு அழுகுற" என்று சொன்னது நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. வாத்தின் நெஞ்செலும்பு வெளியே தெரிய ஆரம்பித்ததும் நினைவிருக்கிறது. பெரியவர்களுக்கு அதுவும் நல்லதாகத்தான் பட்டது. தபசு இருக்கிறவர்கள் மெலியத்தானே செய்வார்கள்.

கண்டனூரில் கல்யாணத்துக்கு வந்திருந்த ஒரு ஆச்சி கேள்விப்பட்டு, காரில் வந்து இறங்கினார். எங்கள் கோவிலுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வைரத்தோடு மின்ன, குடிலுக்கு முன்னால் குனிந்து பார்த்தார்.

"இதுக்கு என்ன குடுக்குறீக?"

"ஒண்ணும் எடுக்காது ஆச்சி. விரதம்" என்றார் பெரியப்பா.

"நாங்க கார்த்திகைச் சோமவாரம் இருக்கோம். அதுல பாதி நாளு பலகாரம்" என்று சிரித்துவிட்டு, வாத்தைக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்கும்போது என்னைப் பார்த்தார். நான் எதையோ சொல்ல வாயெடுத்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "என்னத்தா? என்ன சொல்ல வர்ற?" என்றார்.

என் வாழ்க்கையில் ஒரு பெரிய மனுஷி நின்று என்னைக் கேட்டது அதுதான். 'புல்லு' என்ற ஒரு சொல் போதும்.

"அவளுக்குப் பேச்சு வராது ஆச்சி. கூச்சம்" என்று எனக்கு முன்னால் பெரியப்பா சொல்லிவிட்டார். "நல்ல புள்ள" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு ஆச்சி காரில் ஏறிவிட்டார்.

பேச்சால் ஆகாது என்று தெரிந்துபோனது. மறுநாள் காலையில் பாவாடையில் அருகம்புல்லை அள்ளிக்கொண்டு ஓடினேன். வைக்கோல் மேல் போட்டதும் வாத்து என் கையையும் சேர்த்துப் பிடுங்குகிற மாதிரி தின்றது. சரக் சரக். நான் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பின்னால் செருமல் கேட்டது. உபதேசியார்.

அவர் கண்ணால் பார்த்துவிட்டார், இனிமேல் புரிந்துகொள்வார் என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

"அடிப்பாவி" என்றார். "கிறிஸ்மஸுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் கெடக்கு. அதுக்குள்ள அதோட ஒருசந்தியைக் கெடுத்துட்டியே."

என்னை முழங்காலில் நிற்க வைத்தார்கள். குடில் பக்கமே போகக் கூடாது என்று அப்பாவுக்கும் சொல்லி அனுப்பினார்கள். அப்பா அடிக்கவில்லை. "பெரியவுக காரியத்துல உனக்கு என்ன வேலை?" என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால்கூட இப்போது மறந்துபோயிருக்கும்.

அம்மா வேறு வழி பார்த்தாள். மறுநாளிலிருந்து கோவிலைக் கூட்டிப் பெருக்கும் முறையை எங்கள் தெருவுக்கு வாங்கிக்கொண்டாள். புல் அறுத்துவிட்டு வந்து அந்தப் புல்கட்டைக் குடிலுக்குப் பக்கத்தில் இறக்கி வைப்பாள். கூட்டி முடிக்கிறவரை அது அங்கே கிடக்கும். வீட்டுக்கு வரும்போது கட்டு கொஞ்சம் இளைத்திருக்கும். "நீயாச்சும் அவுகட்ட சொல்லும்மா" என்று அழுதேன். "சொன்னா கேக்கவா போறாக? கேட்டாலும் பொம்பளை சொல்லியா கேக்கணும்னு வம்புக்குத்தான் நிப்பாக" என்றாள். அந்தப் புல்லால்தான் அது பிழைத்தது. தட்டியில் அம்மாவைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கொஞ்சம் தெம்பு வந்ததும் வாத்து சிறகடித்தது. அதில் சூசையப்பர் சரிந்து, இருந்த இன்னொரு கையும் போய்விட்டது. பெரியப்பா ஆட்டு மயிர் கத்தரிக்கும் பெரிய கத்தரியை எடுத்துவந்து, இரண்டு சிறகிலும் நீளமான இறகுகளைக் கச்சக் கச்சக்கென்று வெட்டினார். "முடி வெட்டுற மாதிரிதான். வளந்துரும்" என்றார். கறுப்பு நுனி வைத்த இறகுகள் தரையெல்லாம் கிடந்தன. நீங்களெல்லாம் பேனா செய்ய ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு ஓடினீர்கள்.

கிறிஸ்மஸ் அன்று பூசை முடிந்து, உபதேசியார் ஒரு அச்சுமுறுக்கை உடைத்து வாத்து முன்னால் வைத்தார். மாவுப் பண்டம்தானே, கொத்தித் தின்றது. கோவிலே ஆரவாரித்தது. "பாத்தீகளா, பாலன் பிறந்ததும் ஒருசந்தியை முடிச்சிருச்சு" என்றார் அவர். சாமியார் பெரியப்பாவின் தோளில் கைபோட்டுப் பாராட்டினார். பக்கத்து ஊர்த் தண்ணீர் ஊற்றைப் பற்றி அந்த வருஷம் ஒருவரும் பேசவில்லை. நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மீனைத் தின்னாததும் சாட்சி, புல்லைத் தின்றதும் சாட்சி, முறுக்கைத் தின்றதும் சாட்சி என்றால், நான் எதைக் காட்டி என்ன சொல்வது?

மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்துக் குடிலைப் பிரித்தார்கள். வாத்தை ஊர்வலமாகக் கண்மாய்க்குக் கொண்டுபோய், சாமியார் தீர்த்தம் தெளித்து, கயிற்றை அவிழ்த்து விட்டார்கள். அது தண்ணீரில் இறங்கி நேராகக் கூட்டத்தைப் பார்த்து நீந்தியது. கூட்டமும் கழுத்தை ஏற்றி இறக்கிச் சத்தம் போட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றைக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன்.

பங்குனி வெயில் தொடங்கும்போது ஒரு காலையில் கூட்டம் எழுந்தது. கண்மாய்க்கு மேலே சுற்றியது, திரும்பி வந்தது, திரும்பவும் சுற்றியது. கீழே ஒன்று மட்டும் தண்ணீரை அடித்து அடித்து ஓடிக்கொண்டிருந்தது. கத்தரித்த சிறகு காற்றைப் பிடிக்கவில்லை. மேலே இருந்தவை எவ்வளவு நேரம்தான் சுற்றும்? வடக்கே போய்விட்டன.

"பாத்தியா, நம்ம ஊரை விட்டுப் போக மனசு வரல அதுக்கு" என்றார் பெரியப்பா. அவர் கண் கலங்கியிருந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஞாயிற்றுக்கிழமை சாமியாரும் அதையே பிரசங்கத்தில் வைத்தார். நன்றி மறவாத பறவை என்றார்.

போன வருஷம் மதுரையிலிருந்து வந்த ஒரு பிள்ளை, கழுத்தில் பைனாகுலர் தொங்க, குடிக்கத் தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தாள். தனியாக இருந்ததால் அவளிடம் ஒன்று கேட்டேன், வெட்டின இறகு வளர எவ்வளவு நாளாகும் என்று. "வெட்டினது வளராது பாட்டிம்மா. அடியோட உதிர்ந்து புதுசு முளைக்கணும். அது கோடையில, அதோட ஊர்ல போய்த்தான் நடக்கும். இமயமலையைத் தாண்டிப் போகணுமே அது" என்றாள். இந்த வயதில் அதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய?

சித்திரையில் கண்மாய் வற்றி, மடைக்கிட்டே ஒரு குட்டையாகச் சுருங்கியது. புல் காய்ந்துபோனது. கிணற்றடியில் முளைத்ததைக் கொண்டுபோய்ப் போட்டு வந்தேன். ஒருநாள் போனபோது குட்டையில் வாத்து இல்லை. வெடித்துக் கிடந்த கண்மாய்த் தரையில், தூரத்தில், அது நடந்துகொண்டிருந்தது. வடக்குப் பார்த்து. உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, நிற்காமல். இடையிடையே சிறகை விரித்துக் கொஞ்ச தூரம் ஓடும். விழும். எழுந்து நடக்கும்.

நான் பின்னாலேயே போனேன். கரையேறி, பொட்டலைத் தாண்டி, திருப்பத்தூர் ரோட்டுக்குக் கிட்டே போய்விட்டது. அங்கே பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா சைக்கிளில் வந்தார். நான் ஓடிப்போய் வாத்துக்கும் அவருக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"விட்டுருங்க பெரியப்பா. அது போகட்டும்."

"எங்க போகுதாம்?"

"வடக்க."

"வடக்கேன்னா? திருக்கோஷ்டியூருக்கா? பெருமாளைச் சேவிக்கப் போகுதோ?" பஸ்ஸுக்கு நின்றவர்கள் இன்னும் சிரித்தார்கள். "வெயில்ல கிறுக்குப் புடிச்சிருச்சு புள்ள. தண்ணிக்குள்ள விட்டாச் சரியாப் போகும்" என்று அதைக் கையில் இடுக்கிக்கொண்டு திரும்பினார். குட்டையில் விட்டார். அடுத்த நாளும் அது கிளம்பியது. அவரும் போய்த் தூக்கிவந்தார். அப்படியே கொஞ்ச நாள் நடந்தது. பிறகு பெரியப்பா கோடை உழவில் இறங்கிவிட்டார். ஒரு காலையில் குட்டை காலியாக இருந்தது.

பொட்டல் முழுக்கத் தேடினேன். ரோட்டைத் தாண்டி, ஊர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வண்டிப்பாதைப் புழுதியில் கண்டுபிடித்தேன். மூன்று விரலும் நடுவில் சவ்வும் பதிந்த தடம். ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே போயிருந்தது. சில இடத்தில் இரண்டு பக்கமும் இறகுக் குச்சி கீறிய கோடு. இதைக் காட்டினால் போதும், நான் பேசவே வேண்டாம் என்று நினைத்தேன். கோவிலுக்கு ஓடி உபதேசியாரின் கையைப் பிடித்து இழுத்தேன். பெரியப்பாவும் கூட வந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேய்ச்சலுக்குப் போன மாட்டு மந்தை அந்தப் பாதையில்தான் போயிருந்தது. புழுதியில் ஒரே குளம்பாகக் கிடந்தது. நான் குனிந்து குனிந்து தேடினேன். இங்ஙன இருந்துச்சு, இங்ஙன இருந்துச்சு என்று எனக்கு வந்த அளவு சத்தமாகவே சொன்னேன்.

உபதேசியார் வானத்தைப் பார்த்துக் கண்ணுக்கு மேலே கைவைத்துக்கொண்டார். "இறகு வளந்து பறந்து போயிருச்சு போல" என்றார்.

"நடந்துதான் போச்சு. தடம் இருந்துச்சு" என்றேன்.

பெரியப்பா சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கிச் சைக்கிளில் வைத்தார். "பறந்து போனதுக்குத் தடம் ஏதுத்தா?"